ஜெபம் வரவில்லை. கஷ்ட காலத்தில் நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்?

கோத்தகிரி_தோட்டம் | இரவு 11:40

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. விடியற்காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை பஸ் பிடிக்க வேண்டும். திரும்பி மலையேறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவளுக்கு வாந்தி. ஒரு கையில் பையும் இன்னொரு கையில் அவள் நெற்றியுமாக உட்கார்ந்திருப்பேன். பணக் கஷ்டத்தை எழுத ஆரம்பித்தால் முடியாது, அதை விடுங்கள்.

நான் கேட்க வந்தது வேறு. எனக்கு ஜெபம் வரவில்லை. சிஎஸ்ஐ சபையில் பிறந்து வளர்ந்தவன், பதினைந்து வருடம் பாடகர் குழுவில் பாடியவன். இப்போது முழங்கால் போட்டால் வாயில் ஒரு வார்த்தை வருவதில்லை. சுவரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

போன வாரம் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனோம். அங்கே ஒருவர் என் மனைவியிடம், "மறைச்சு வச்ச பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணும்மா, அதுதான் சுகத்தைத் தடுக்குது" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து மடித்தாள். மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். அரை மணி நேரம் இதே. நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தைரியமாக இருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தைரியம் எங்கே இருந்து வரும்? பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கேத்தி_டீச்சர் | இரவு 12:25

தம்பி, தூக்கம் வராமல் போனைத் திறந்தேன். உங்கள் பதிவுதான் முதலில் வந்தது.

முதலில் அந்த ஸ்கார்ஃப் விஷயம். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு என்ன சொன்னார்? "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." யோவான் 9. உங்கள் வீட்டம்மாவுக்கு இதை நாளைக்கே வாசித்துக் காட்டுங்கள். அந்த மனிதர் பேசியது நம் ஆண்டவர் பேசிய பேச்சு இல்லை.

அப்புறம் என் கதை. 2009 நவம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 10ஆம் தேதிக் கணக்கில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டம் முழுக்க நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். ரோடு போயிற்று, ரயில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் இருந்த மேடு ராத்திரி இறங்கி, சமையலறைச் சுவரில் வந்து நின்றது. கதவிடுக்கு வழியாகச் சேறு உள்ளே வந்துகொண்டே இருந்தது. கரண்ட் இல்லை. ஒரே ஒரு மெழுகுவர்த்தி. என் மாமியார் பைபிளைத் திறந்து 46ஆம் சங்கீதம் வாசித்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான சங்கீதம். "பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்" என்ற இடத்துக்கு வந்ததும் அவர் குரல் நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் சமையலறைப் பக்கம் பார்த்தோம். அதுவரை அந்த வசனத்தை ஓர் உவமை என்றே நினைத்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார் மீதியையும் வாசித்தார். "நாம் பயப்படோம்" என்றபோது அவர் கையில் இருந்த பைபிள் ஆடிக்கொண்டிருந்தது, தம்பி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பக்கத்தின் நிழல் சுவரில் நடுங்கியதை நான் பார்த்தேன். பயந்துகொண்டேதான் அதை வாசித்தார். எனக்குத் தெரிந்த தைரியம் அதுதான். வேறு மாதிரி தைரியத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

நாங்கள் பிழைத்தோம். மேல் லைனில் இருந்த என் நாத்தனார் வீடு பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலுக்குப் போவேன், உட்கார்ந்திருப்பேன், வருவேன். எங்கள் பெண்கள் சங்கத்து அக்கா ஒருவர் செவ்வாய்தோறும் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை. முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்குவார், டீ குடிப்பார், கிளம்புவார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "உனக்கும் சேத்து நான் ஜெபம் பண்ணிக்கிறேன், நீ அதைப் பத்திக் கவலைப்படாதே" என்பார். அந்த மூன்று மாதமும் அவருடைய ஜெபத்தில்தான் என் வண்டி ஓடியது. இப்போது உங்களுக்கும் சேர்த்து நான் பண்ணிக்கொள்கிறேன்.

கூடலூர்_சாட்சி | காலை 5:50

பிரதர், சோர்ந்து போகாதீர்கள். "இந்த மலையைப் பார்த்து: நீ பெயர்ந்து, சமுத்திரத்திலே தள்ளுண்டுபோ" என்று சொல்லி, இருதயத்தில் சந்தேகப்படாமல் விசுவாசித்தால் அப்படியே ஆகும் என்று மாற்கு 11இல் ஆண்டவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். என் சிறுநீரகக் கல் ஆபரேஷன் இல்லாமல் ஜெபத்தில் போனது. நானே சாட்சி. சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் ஏழு நாள் உபவாசம் எடுங்கள். சிஸ்டர் பரிபூரண சுகம் அடைவார். வேறு எதையும் பேசவே வேண்டாம்.

கேத்தி_டீச்சர் | காலை 7:15

கூடலூர் தம்பி, உங்கள் சுகத்துக்காக நானும் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன். ஆண்டவர் சுகம் கொடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மலை பெயர்ந்ததைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரி நான். செத்துப்போன என் நாத்தனாருக்கு எங்கள் எல்லோரையும்விட விசுவாசம் அதிகம். பவுலுக்கு விசுவாசம் குறைவா? மாம்சத்திலே முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. முள் போகவில்லை.

கோத்தகிரித் தம்பி, வேலை செய்கிற உடம்பு உங்களுடையது. ஏழு நாள் பட்டினி கிடந்தால் அந்தப் பஸ்ஸில் அவர் நெற்றியைத் தாங்குவது யார்?

வார்டு_நர்ஸ் | காலை 9:30, நைட் டியூட்டி முடிந்து

அண்ணா, நான் குன்னூர் பக்கம் நர்ஸாக இருக்கிறேன். முதலில் மருத்துவ விஷயம், அப்புறம் மற்றது.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஜெபத்தை வண்டியில் பண்ணிக்கொள்ளலாம். வளைவில் வாந்தி வருவதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், பயணத்துக்கு முன்னால் போட மாத்திரை கொடுப்பார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்தாயிற்றா? குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. இல்லையென்றால் சொல்லுங்கள், என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதுகிறேன். உங்களுக்கே தூக்கம் போய், எதற்கு இருக்கிறோம் என்ற நினைப்பு வந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். மனநல உதவிக்கு அரசு நடத்தும் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். அதைக் கூப்பிடுவது அவிசுவாசம் இல்லை.

நான் அப்படிச் சொல்லக் காரணம் எலியா. கர்மேல் மலையில் அக்கினியை இறக்கின அதே ஆள்தான் அடுத்த அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்த்தர் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, ஏன் இப்படி ஆனாய் என்றும் கேட்கவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தணலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி தட்டி எழுப்பி மறுபடி சாப்பாடு. பேச்சு எல்லாம் பல நாள் கழித்து ஓரேப் மலையில்தான். வார்டில் நோயாளிக்குத் துணை இருக்கிறவர்கள் சாப்பிடாமல் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது, அவர் அப்பா டாக்டர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரியை அவர் மறக்கவில்லை. படிக்கப் போனார், 1900இல் டாக்டராகத் திரும்பி வந்தார். ஓய்வு பெற்ற பிறகு கொடைக்கானலில் இருந்து, 1960இல் அங்கேயே கண்ணை மூடினார். செத்த மூன்று பேருக்கு என்ன பதில் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை அண்ணா. ஆனால் அந்த ராத்திரி இல்லையென்றால் வேலூரும் இல்லை.

மன்னவனூர்_மண் | பகல் 1:10

அண்ணே, நாங்கள் கொடைக்கானல் மேல்மலைக்காரர்கள், கத்தோலிக்கர்கள். பூண்டும் கேரட்டும் போடுகிறோம். பெரிய விவரம் எல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் சலேத் மாதா கோயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாதா என்றாலே கையில் குழந்தையோடு சிரித்த முகமாக நிற்கும் சுரூபம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சலேத் மாதா அழுகிற மாதா. பிரான்ஸில் சலேத் என்ற மலையில் 1846இல் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்குக் காட்சி கொடுத்தபோது, ஒரு கல்மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அந்த மாதா பெயரில்தான் கொடைக்கானலில் கோயில் கட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 14, 15இல் திருவிழா. சாமி கும்பிடுகிறவர்களும் முஸ்லிம்களும்கூட வருவார்கள்.

கஜா புயல் 2018 நவம்பரில் எங்கள் மலையிலும் ஏறியது. மரம் விழுந்து ரோடு அடைத்து, கரண்ட் நாள்கணக்கில் இல்லை. விதைத்திருந்த பூண்டு மண்ணோடு ஓடைக்குப் போயிற்று. தகவல் சொல்லப் போன் இல்லை, காப்பாற்றக் காசும் இல்லை. ரோடு திறந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சலேத் மாதா கோயிலுக்குப் போனார். நான் அன்று ரொம்பக் கோபத்தில் இருந்தேன். எதுக்கு வந்தோம், இனிமே கேட்க என்ன இருக்கு என்றேன். அம்மா, "கேக்க வரலைடா. அழ வந்தேன். வீட்டுல அழுதா உங்கப்பா உடைஞ்சு போவாரு. இங்க அழுதா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க, அவங்களும் அழுதவங்கதானே" என்றார். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி வா, விதைப்பூண்டு யார்கிட்டக் கடன் கிடைக்கும்னு பார்க்கலாம்" என்று எழுந்தார்.

ஜெபம் வரவில்லை என்கிறீர்கள். கண்ணீர் வருகிறதா அண்ணே? எங்கள் அம்மா கணக்கில் அதுவும் ஜெபம்தான். கெத்செமனேயில் நம் ஆண்டவரே வியாகுலப்பட்டு, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டாரே. மூன்று சீடர்களைப் பக்கத்தில் விழித்திருக்கச் சொன்னார். அவர்களும் தூங்கிப்போனார்கள்.

காந்தல்_வெள்ளி | பகல் 2:05

வெள்ளிதோறும் ஊட்டி காந்தல் குருசடிக்குப் போவேன். அங்கே ஆண்டவருடைய சிலுவை மரத்தின் துண்டு என்று வைத்திருக்கும் திருப்பண்டம் முன்னால் அக்காவுக்காக ஒரு மெழுகுவர்த்தி. பெயர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்.

மண்டபம்_பேரன் | மாலை 6:45

அண்ணா, நானும் தேயிலைக்காரன்தான், பந்தலூர் பக்கம். எங்கள் தாத்தா பாட்டி இலங்கையில் கண்டியில் இருந்து வந்தவர்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதினார்களே, அந்தக் கணக்கில் எங்கள் வீடும் ஒன்று. அவர்களை யாரும் கேட்டு எழுதவில்லை. பிறந்த மண்ணை விட்டுக் கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டம். பாட்டி கொண்டு வந்தது ஒரு ட்ரங்குப் பெட்டி, கொழுந்துக் கூடையின் தலைக்கயிறு, ஒரு பைபிள். இங்கேயும் தோட்ட வேலைதான் என்று தெரிந்ததால் அந்தக் கயிறாம்.

பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. உபதேசியார் வாசித்துக் கேட்டுக் கேட்டு, ஆபகூக் 3இல் ஒரு பகுதி மட்டும் அப்படியே பாடம். அத்திமரம் துளிர்விடாமல் போனாலும், திராட்சச்செடியில் பழம் இல்லாமல் போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று வருமே, அது. பாட்டி அதில் தன்னுடையதையும் சேர்த்துக்கொள்வார். "கொழுந்து துளிர்க்காமப் போனாலும், செக்ரோலில பேர் இல்லாமப் போனாலும்" என்று லயத்து வாசலில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்வார். செக்ரோல் என்றால் தோட்டத்து வருகைப் பதிவேடு. 2000ஐ ஒட்டிப் பச்சைத்தேயிலை விலை கிலோ பத்து ரூபாய்க்குக் கீழே இறங்கியபோது, பக்கத்துச் சிறு விவசாயிகள் செடியைப் பிடுங்கிப் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் பாட்டி, "விலை இல்லாமப் போனாலும்" என்று ஒரு வரி கூட்டினார்.

நான் சின்னப் பையன். எல்லாம் போன பிறகு எப்படிப் பாட்டி மகிழ்ச்சி வரும் என்று கேட்டேன். "அந்த மனுசன் இல்லாததை எல்லாம் முதல்ல ஒண்ணு ஒண்ணா எண்ணிச் சொல்றாரு பாரு. மறைக்கல. எண்ணி முடிச்சதுக்கு அப்புறம்தான் மகிழ்ச்சிங்கிறாரு" என்றார்.

ஒன்று செய்து பாருங்கள் அண்ணா. முழங்கால் போட வேண்டாம். இல்லாததை எல்லாம் எண்ணிச் சொல்லுங்கள். முடி போனாலும், வளைவில் வாந்தி வந்தாலும், இலைக்கு விலை இல்லாமல் போனாலும் என்று. மகிழ்ச்சி என்ற வரி வராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சங்கீதம் 88 அப்படித்தான் இருட்டிலேயே முடிகிறது. அதையும் பைபிளில்தான் வைத்திருக்கிறார்கள்.

கோத்தகிரி_தோட்டம் | இரவு 10:20

எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இன்று இலை எடுக்கும்போதும் சாயங்காலமும் ஒவ்வொரு பதிவையும் இரண்டு தடவை வாசித்தேன்.

யோவான் 9ஐ அவளுக்கு வாசித்தேன். "அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசிங்க" என்றாள். வாசித்தேன். அப்புறம் அந்த ஸ்கார்ஃபை எடுத்துத் துவைத்துப் போட்டாள்.

பாட்டி சொன்னபடி எண்ணிச் சொல்லிப் பார்த்தேன். தோட்டத்தில் தனியாக, சத்தமாக. ஏழெட்டுக்கு மேல் போகவில்லை. ராத்திரி படுக்கையில் ஆயிரம் இருப்பதுபோல் தோன்றும். கடைசி வரி இன்னும் வரவில்லை. ஆனால் ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்றுதான் ஆண்டவரிடம் வாய் திறந்து பேசியிருக்கிறேன்.

நர்ஸ் தங்கச்சி, காப்பீட்டு அட்டை இருக்கிறது. 14416ஐக் குறித்து வைத்துக்கொண்டேன்.

கூடலூர்_சாட்சி | இரவு 10:50

பிரதர், உபவாசம் இருங்கள் என்று உங்கள் நிலைமை தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். சுகம் வரும் என்று நான் இன்னும் விசுவாசிக்கிறேன், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். உங்களுக்குப் பதில் அந்த ஏழு நாளை நான் எடுக்கிறேன். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன். டீச்சர் அக்கா, உங்கள் நாத்தனார் விஷயம் இன்று நாள் முழுக்க மனதில் இருந்தது.

கோத்தகிரி_தோட்டம் | மறுநாள் காலை 6:30

நான் அவர் மனைவி. அவர் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், போன் இங்கே இருந்தது. எல்லாவற்றையும் வாசித்தேன்.

ஜெபம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். மருந்து ஏறின இரண்டாம் மூன்றாம் நாள் எனக்குப் பாதம் இரண்டும் நெருப்பாக எரியும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிடுவார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, "ஆண்டவரே... ஆண்டவரே..." என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார். வேறு வார்த்தை இருக்காது. விடியும் வரை அதுதான். நான் தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியாது.

கோவையில் இருந்து திரும்பும்போது மேட்டுப்பாளையம் தாண்டியதும் மலை எதிரே எழும்பி நிற்கும். வாந்திக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்வேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று 121ஆம் சங்கீதத்தை வாய் தானாகச் சொல்லும். அந்த நேரத்தில் எனக்கு அந்த மலைமேல் கோபம்தான் வரும். ஆனால் என் பிள்ளைகள் அதன் உச்சியில் இருக்கிறார்கள்.

மன்னவனூர் தம்பி, வாயில் ருசியே இல்லை. உள்ளே புண். காரம் ஆகாது. உங்கள் ஊர்ப் பூண்டில் கஞ்சி வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வீர்களா?

மன்னவனூர்_மண் | காலை 8:05

அக்கா, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு கைப்பிடி பச்சரிசி நொய், பத்துப் பல் பூண்டு, வெந்தயம் கால் ஸ்பூன். பூண்டை உரித்து முழுசாகவே போடுங்கள், நசுக்கினால் காரல் அடிக்கும். நொய்க்கு ஏழு பங்கு தண்ணீர். சின்னத் தீயில் பூண்டு கரண்டியில் மசிகிற வரைக்கும் வேகட்டும். இறக்கி வைத்து, கொஞ்சம் ஆறிய பிறகு தேங்காய்ப்பால் ஒரு டம்ளர், உப்பு. மிளகு வேண்டாம், சீரகமும் வேண்டாம். புண்ணில் படாமல் இருக்க வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும் என்கிறார் அம்மா. நர்ஸ் அக்கா இதைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு வையுங்கள்.

பூண்டு அங்கே வாங்க வேண்டாம். போன அறுவடையில் பரணில் புகை போட்டு வைத்தது இருக்கிறது. அடுத்த கீமோ என்றைக்கு என்று அண்ணனைச் சொல்லச் சொல்லுங்கள். முந்தின நாள் கோவை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

வார்டு_நர்ஸ் | காலை 8:20

நன்றாக வெந்திருந்தால் தாராளமாகக் குடிக்கலாம். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா. தேங்காய்ப்பாலை அன்றன்றே பிழியுங்கள், வைத்திருந்து ஊற்ற வேண்டாம்.

கோத்தகிரி_தோட்டம் | காலை 11:15

வியாழக்கிழமை.